வெறுங்கைச் சாட்சி

போரில் ஜெயித்துத் திரும்பியவர்களுக்கென்று அந்தத் தேவாலயச் சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவராகப் பீடத்தின் முன் வந்து, இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, “இந்தக் கை ஒண்ணும் செய்யல, எல்லாம் கடவுள் செஞ்சார்” என்று சாட்சி சொல்ல வேண்டும். உடனே ஆர்கன் முழங்கும், சபை எழுந்து பாடும். ஆர்கன் வாசிப்பவள் ஒரு பீரங்கிக்காரனின் மனைவி.

அவள் புருஷன் மட்டும் சாட்சி சொல்ல வரமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றான். திரும்பி வந்ததிலிருந்து அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். எதிரி ஊரில் ஒரு பள்ளிக்கூடம். அதன் நிலவறையில் பிள்ளைகள் ஒளிந்திருப்பது தெரிந்தேதான் குறிவைத்தான்.

“உத்தரவு மேலேயிருந்து வந்துச்சு. ஆனா சுட்டது நான்தானே” என்றான்.

மடித்த சட்டையையே அவள் பிரித்து மறுபடி மடித்தாள். ஆனாலும் மனதின் ஓர் ஓரத்தில் ஆறுதல். செய்ததை நினைத்து ஒருவன் பட்டினி கிடக்கிறான் என்றால், அவள் கட்டிக்கொண்ட மனுஷன் இன்னும் செத்துப்போகவில்லை. அந்த ஒரு நம்பிக்கையில்தான் அவள் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை போதகர் வீட்டுக்கே வந்துவிட்டார். மனுஷனுக்குப் பேச்சில் தேன் ஒழுகும்.

“தம்பி, வேதத்துல கிதியோன்கிட்ட இருந்த பெரிய படையில முந்நூறு பேரை மட்டும் வெச்சுக்கிட்டு, மத்தவங்களை ஏன் கடவுள் வீட்டுக்கு அனுப்பினார்? நாங்கதான் ஜெயிச்சோம்னு யாரும் மார்தட்டக் கூடாதுன்னு. ஜெயம் அவரோடது. அந்த முந்நூறு பேர் மாதிரி நீயும் சும்மா பானையும் தீவட்டியும் தூக்கினவன்.”

“நான் மார்தட்டல ஐயா. அந்தப் பிள்ளைங்க...”

“வேதத்துல வர்ற எரிகோ பட்டணத்துலயும்தான் பிள்ளைங்க இருந்துச்சு” என்றார் போதகர், பிஸ்கட்டைத் தேநீரில் முக்கியபடி. “அந்த ஊர் மதிலை விழவெச்சது யாரு? அவர். நடுவுல நான் செஞ்சேன், நான் செஞ்சேன்னு புலம்புறியே, அதுவும் ஒரு பெருமைதான்.”

பிஸ்கட் ஊறி, உடைந்து கோப்பைக்குள் விழுந்தது. அவர் அதைக் கரண்டியால் வழித்துச் சப்பினார். அவள் பிஸ்கட் தட்டை எடுத்து உள்ளே வைத்தாள். மார்தட்டாதே என்று சொன்ன வேதத்தை எடுத்து, கை கழுவத் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கிறானே இந்த ஆள்! வெளியே போங்க என்று புருஷன் ஒரு வார்த்தை சொல்லமாட்டானா என்று காத்திருந்தாள். அவன் தலையைக் குனிந்து யோசித்துக்கொண்டிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை பீடத்தின் முன் போய் நின்றான். கைகளை விரித்தான். “இந்தக் கை ஒண்ணும் செய்யல” என்றபோது குரல் தடுமாறியது. “எல்லாம் கடவுள் செஞ்சார்” என்றபோது கணீரென்று வந்தது.

ஆர்கன் முழங்கவில்லை. அவள் விரல்கள் மடியிலேயே கிடந்தன. போதகர் தொண்டையைக் கனைத்துத் தாமே பாட்டை எடுத்துக் கொடுத்தார். கோழிக்கடைக்காரரிலிருந்து பள்ளி ஆசிரியைவரை எல்லோரும் கண்ணை மூடி உருகி உருகிப் பாடினார்கள். ஆர்கன் இல்லாதது யாருக்கும் ஒரு குறையாகப் படவில்லை.

மதியம் அவன் தட்டு நிறைய வாங்கிச் சாப்பிட்டான். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

“பாரமே இறங்கிடுச்சு” என்றான். “நீ ஏன் வாசிக்கல?”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள்.

“அந்தப் பிள்ளைங்களக் கொன்னது யாருங்க?”

அவன் வாயிலிருந்ததை நிதானமாக மென்று விழுங்கினான்.

“அவர்தான்” என்று தட்டை நீட்டினான். “இன்னும் கொஞ்சம் போடு.”