‘போயிட்டு வாங்க’ என்றொரு பொத்தான்

அந்த ஊரில் ‘வா’ என்ற சொல்லைத் தடைசெய்து பதினொரு மாதம் ஆகியிருந்தது. பேசவும் கூடாது, எழுதவும் கூடாது. வாழைப்பழத்துக்கு விலக்கு உண்டு என்று அறிவிப்பில் தெளிவாகப் போட்டிருந்தார்கள்.

ஒட்டுக்கேட்பதற்காக வீட்டுக்கு ஓர் அலுவலரை அனுப்பினார்கள். ஒரு நாள் வேலைதான். ஆனால் மாலையில் ‘போயிட்டு வாங்க’ என்று சொல்லி அனுப்ப யாருக்கும் வழியில்லை. அது காதில் விழாமல் ஒரு வீட்டைவிட்டுக் கிளம்ப அவர்கள் என்ன நாகரிகம் தெரியாதவர்களா? அங்கங்கே தங்கிவிட்டார்கள். கல்யாணத்துக்கு வந்தவர்களும் மண்டபத்திலேயே இருந்தார்கள். மணமகளுக்கு அங்கேயே வளைகாப்பும் நடந்தது.

ஜாக்கெட் தைக்கும் சந்தனமாரியின் வீட்டுக்கு வந்தவர் உலகநாதன். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் கைப்பேசியில் எழுதுவதையெல்லாம் எட்டிப் படிப்பார். அவர் கழுத்து வலிக்கிறதே என்று அவள் எழுத்தைப் பெரிதாக்கி வைத்தாள்.

சந்தனமாரிக்கு ஒரே தங்கை, பேச்சியம்மாள். ஒரு ஜாக்கெட்டின் கைநீளத்துக்காகச் சண்டை போட்டுக்கொண்டு பக்கத்து மாவட்டத்துக்குப் போனவள். “இனி நீயா ‘வா’ன்னு ஒரு வார்த்தை சொன்னாத்தான் உன் வாசப்படி மிதிப்பேன்” என்று சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் தடை வந்தது. சந்தனமாரி ‘புறப்படு’ என்று எழுதினாள். ‘இங்கே இரு’ என்று எழுதினாள். பதில் இல்லை. பேச்சி கேட்டது அந்த ஒரு சொல்லைத்தான். அது கிடைக்காமல் அவள் அங்கே வைராக்கியமாக இருந்தாள். இவள் இங்கே சரியாகச் சாப்பிடாமல் இருந்தாள்.

இந்த நிலையில்தான் கோமளவல்லி வந்தாள். அவள் ‘திரை’ என்றொரு மென்பொருள் செய்திருந்தாள். அதிலுள்ள பொத்தானை அழுத்தினால் அலுவலர் வீட்டைவிட்டுப் போயாக வேண்டும். பிறகு எழுதுவது எழுதியவருக்கும் பெறுபவருக்கும் தவிர யாருக்கும் தெரியாது. நிபுணர்கள் ஐந்து பேர் அதை உடைக்கப் பார்த்து, முடியாமல் தேம்பினார்கள். அத்தனை நல்ல மென்பொருளை ஊரில் ஒருவரும் பயன்படுத்தவில்லை. ஏனென்று பார்க்கத்தான் அவள் சந்தனமாரி வீட்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

“அக்கா, இதை அழுத்துங்க.”

“மாட்டேன் தாயி.”

பொத்தானில் ‘வெளியேறு’ என்று எழுதியிருந்தது.

கண்ணுக்குத் தெரியவில்லை போலும் என்று கோமளவல்லி பொத்தானைப் பெரிதாக்கினாள். சிவப்பைப் பச்சையாக்கினாள். இரண்டாம் வாரம் பொத்தான் கதவளவு ஆயிற்று. எதிர்வீட்டுக்காரர் கேட்டு வாங்கிப்போய் அதில் வடகம் காயவைத்தார். சந்தனமாரி அழுத்தவில்லை.

“புரியலையாக்கா?”

“நல்லாப் புரியுது. பதினோரு மாசமா என் கையால சாப்பிட்ட மனுசர். அவர் மூஞ்சிக்கு நேரா ‘வெளியேறு’ன்னு எப்படிச் சொல்லுதது? நாயைக்கூட நான் அப்படி விரட்டினதில்ல.”

“அப்படிச் சொன்னா எனக்கும் கால் எழும்பாது,” என்றார் உலகநாதன் பணிவாக.

“வேற எப்படிச் சொல்வீங்க?”

சந்தனமாரி அலுவலரைப் பார்த்தாள். அவர் கண்ணியமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் சாக்பீஸை எடுத்து, வெட்டிவைத்த துணியில் இரண்டு சொற்களை எழுதினாள்.

கோமளவல்லிக்கு முகம் சுருங்கிவிட்டது. ‘திரை’யின் பூட்டைச் செய்ய அவளுக்கு நாலு வருஷம் ஆகியிருந்தது. ‘வெளியேறு’ என்று எழுத அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போட்டிருந்தாள். இப்போது துணியில் இருந்ததைப் பார்த்துப் பார்த்துப் பொத்தானில் எழுதினாள்.  பிறகு ஒரு சந்தேகம் கேட்டாள்.

“இப்படிச் சொன்னா திரும்பி வந்துருவாரேக்கா?”

“வரட்டும். அப்பவும் இதையே சொல்லுவோம்.”

சந்தனமாரி அழுத்தினாள்.

உலகநாதன் எட்டிப் படித்தார். ஒருமுறை படித்துவிட்டு மறுபடியும் படித்தார். எழுந்து, நாற்காலியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். ஒரு செம்புத் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

“என் பிள்ளைக்கு இந்நேரம் பல் முளைச்சிருக்கும். நல்லா இருங்கம்மா. போயிட்டு வாரேன்.”

சொன்ன குற்றத்துக்காகத் தன் பெயரைத் தானே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு போனார். நடையில் அப்படியொரு துள்ளல்.

சந்தனமாரி ‘வா’ என்று எழுதி அனுப்பினாள். ஒரே எழுத்து. 

பக்கத்து மாவட்டம் அன்று கொஞ்சம் ஒத்துழைத்தது. அவள் கைப்பேசியைக் கீழே வைப்பதற்குள் பேச்சியம்மாள் பையும் கையுமாக வாசலில் நின்றாள்.

“எழுதினே. வாயால சொல்ல மாட்டியோ?”

“வா பேச்சி.”

பேச்சி வந்தாள். இருவரும் அழுதார்கள். கைநீளம் சரிதான் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் பேச்சி பெஞ்சைக் கவனித்தாள்.

“யாரு இந்தப் பிள்ளை? எத்தனை நாளா இருக்கு?”

“ரெண்டு வாரமா. அதாலதான் நீ இன்னைக்கு இங்க நிக்கே.”

“இந்தப் பிள்ளையை நீ வாங்கன்னு கூப்பிட்டியா?”

சந்தனமாரி யோசித்தாள். “எப்படிக் கூப்பிட?”

பேச்சி கோமளவல்லியின் பக்கம் திரும்பினாள். “வாங்க,” என்றாள்.

கோமளவல்லி எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்தாள்.