அலமாரியில் பூட்டி வைத்த வெள்ளை ஒயின்

என் கண்ணைக் குறை சொன்னவர்கள் இரண்டாம் தடவை சொன்னதில்லை. பதினாறு வருஷமாக மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறையில் லேப் என் பொறுப்பு. சிவப்பில் நீலம் அரைத் துளி கூடியிருந்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்ட என்னைக் கூப்பிட்டு முதலாளி நல்லான் சொன்னார்:

"ஏனுங்க அனுசுயா, ஷேடு, நெறம் சரியில்லைன்னு ரெண்டு தடவ துண்டு திரும்பி வந்திருச்சுங்க. மூணாவதும் வந்துச்சுன்னா நீங்க செக்கிங் டேபிளுக்குப் போயிருங்க அம்மிணி. லேபை முனீஸ் பாத்துக்கட்டும்."

இந்த ஊரில் ஆளைத் தூக்குவதென்றாலும் 'ங்க' போட்டுத்தான் தூக்குவார்கள். என்னிடம் வேலை பழகும் முனீஸுக்குக் கருநீலத்துக்கும் கறுப்புக்கும் வித்தியாசம் தெரிய இன்னும் இரண்டு வருஷம் ஆகும்.

இத்தனைக்கும் காரணம் ஒரு பாட்டில். கனடாவில் ஒரு திராட்சைத் தோட்டம், அங்கேயே ஒயின் தயாரித்து விற்கிறார்கள். கடையில் விற்கப் பன்னிரண்டாயிரம் டி-ஷர்ட் வேண்டும், அவர்களுடைய வெள்ளை ஒயின் நிறத்திலேயே வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். தோட்டத்துக்காரி கிளேர், நிறம் பார்க்க ஒயினையே அனுப்பிவிட்டாள். கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல்கடை ஊற்றி, பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பார்க்க வேண்டுமாம்.

ஆர்டரைக் கவனிக்கும் சுரேஷ் லேபிளைப் படித்துச் சொன்னான். "ஹைபிரிட் திராட்சைங்க. ஐரோப்பாக் கொடியையும் அமெரிக்காக் காட்டுக் கொடியையும் சேத்து உண்டாக்குனது. பனி தாங்குமாமா. ஒயினு முழுசா இனிக்காது, சுத்தமா இனிக்காமயும் இருக்காதுன்னு போட்டிருக்குதுங்க."

"ஹைபிரிட்டா?" என்றார் முதலாளி. அவருக்கு நாலு ஏக்கர் தக்காளி உண்டு. "பாக்க மினுமினுன்னு இருக்கும், வாயில வெச்சா சப்புன்னு இருக்கும்."

யாரும் வாயில் வைக்கவில்லை. எங்களுக்கு அது ஸ்டாண்டர்டு, அதாவது நிறத்துக்கு அளவுகோல். அளவுகோலை யார் ருசி பார்ப்பார்கள்?

பாட்டிலைத் திறந்த அன்றைக்கே ஒரு துணித்துண்டுக்குச் சாயம் ஏற்றினேன். வெளிர் நிறம்தான் உயிரை வாங்கும், மூச்சு விட்டால் கூடிப்போகும். சாயங்காலம் நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸில் ஒயினுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், அச்சாகப் பொருந்தியது. துண்டை நோட்டில் ஒட்டினேன். பாட்டிலை மூடி, மற்ற ஸ்டாண்டர்டுகளைப் போலவே வெளிச்சம் படாமல் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். துணி ஸ்டாண்டர்டு அப்படி வைத்தால் அஞ்சு வருஷமானாலும் அப்படியே இருக்கும். முதலாளி ரூமில் இருக்கும் பிராந்தியும் ஆறு மாசமாக நிறம் மாறாமல்தானே இருக்கிறது.

நடுவில் சித்திரை ஒன்று, ஞாயிறு என்று நாலு நாள் லீவு. துண்டு நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு தடவை பார்த்துவிட்டு அனுப்புவதுதான் எங்கள் வழக்கம். வந்து பார்த்தால் ஒயினை விடத் துண்டு வெளுத்துத் தெரிந்தது. அன்றைக்கு அசதியில் கண் ஏமாற்றிவிட்டது என்று என்னையே திட்டிக்கொண்டு, துண்டின் மேல் சிவப்பு மையில் குறுக்குக் கோடு போட்டு 'தப்பு' என்று எழுதினேன். சாயத்தைக் கொஞ்சம் கூட்டி வேறு துண்டு அனுப்பினேன். பழுப்படிக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். மறுபடியும் ஒயினோடு ஒப்பிட்டு இன்னொன்று அனுப்பினேன். முன்னதை விட மோசம் என்று பதில் வந்தது.

மே மாசம் கிளேரே நேரில் வந்தாள். முதலாளிக்குப் பரிசாக ஐஸ் பையில் அதே ஒயினில் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தாள். மூன்றாவதாக நான் சாயம் ஏற்றி வைத்திருந்த துண்டைப் பார்த்து, இல்லையென்று தலையை ஆட்டினாள். முதலாளி என்னைப் பார்த்தார். முனீஸ் தரையைப் பார்த்தான்.

எனக்கு வந்ததே கோபம். அலமாரியைத் திறந்து ஒயினை டம்ளரில் ஊற்றி, பக்கத்தில் துண்டைப் பிடித்தேன். "வித்தியாசம் எங்க இருக்குன்னு காட்டச் சொல்லு சுரேஷு."

கிளேர் டம்ளரைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னாள். சுரேஷ் தயங்கினான். "இது அவங்க ஒயினே இல்லீங்களாமா."

நான் களவாணியா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் டம்ளரின் வாடை மூக்கில் ஏறியது. தெரிந்த வாடை. சாயம் ஏற்றிய துணியை நாங்கள் தினமும் அலசும் அசிட்டிக் ஆசிட் வாடை. எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

"மொதலாளி, இது புளிச்சுப் போச்சு. உள்ள காத்துப் பட்டு நெறமும் மாறியிருக்கு. அந்தப் புது பாட்டிலத் தொறங்க."

"அது எனக்குக் குடுத்ததுங்களே" என்றார் முதலாளி.

"தொறங்க மொதலாளி."

இன்னொரு டம்ளரில் அதை ஊற்றினேன். எலுமிச்சை பிழிந்த தண்ணீர் போலத் தெளிவாக, இளம் மஞ்சளாக நின்றது. பழையது பக்கத்தில் பால் விடாத டீ ஆறிய மாதிரி இருந்தது. புளிப்பை அளக்கும் பிஎச் தாளைப் புது ஒயினில் நனைத்தேன், மூன்று காட்டியது. இந்தப் புளிப்புக்குப் பல் கூச வேண்டுமே என்று எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

"ஏனுங்க அம்மிணி" என்று முதலாளி பதறினார்.

"வேலைக்குத்தானுங்க."

நுனி நாக்கில் லேசான இனிப்பு வந்தது. பின்னாலேயே புளிப்பு வந்து அதைத் துடைத்துவிட்டது. விழுங்கியதும், நெல்லிக்காய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தாற்போல ஒரு தித்திப்பு திரும்பி வந்தது. அந்த இனிப்பு மட்டும் இல்லையென்றால் புளிப்பு ஆளைக் கொன்றிருக்கும். ஹைபிரிட்டில் ருசி இல்லையென்று யார் சொன்னது? இன்னொரு வாய் குடித்தேன். அது வேலைக்கு இல்லை. கிளேர் சந்தோஷமாகச் சிரித்தாள்.

அப்போதுதான் நோட்டு ஞாபகம் வந்தது. ஓடிப்போய் எடுத்து வந்து, முதல் நாள் துண்டை லைட் பாக்ஸில் புது ஒயினுக்குப் பக்கத்தில் விரித்தேன். கிளேர் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மறுபடி குனிந்தாள். பிறகு பேனாவை வாங்கி அந்தப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டாள்.

முதலாளி மூச்சை விட்டார். "லேபு உங்களுதுதானுங்க. நான் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு சிவப்புக் கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "இத்தன சரியா இருந்தத அடிச்சது யாருங்க?"

முனீஸ் மேல் போட்டிருக்கலாம், நம்பியும் இருப்பார்கள். என் கண்ணைக் குறை சொன்ன எல்லோருக்கும் பதினாறு வருஷமாக நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். இந்தத் தடவை திருப்பிக் கொடுக்க ஆளில்லை.

"நாந்தான் மொதலாளி" என்றேன்.