வெளிப்பெட்டியின் நீல விளக்கு

2026 பிப்ரவரி 22, ஞாயிற்றுக்கிழமை காலை, மூன்றாவது மாடி வீடொன்றின் சாப்பாட்டு மேசையில் ஒரு மடிக்கணினியின் ஹார்டு டிஸ்க் மாற்றப்பட்டது.

கணினி அக்காவுடையது. பாலங்களுக்கு வரைபடம் போடுவது அவள் தொழில். ஒரு நடைபாலத்தின் இறுதி வரைபடங்களை மறுநாள் காலை அவள் அனுப்பியாக வேண்டும். அவை பழைய டிஸ்கில் மட்டுமே இருந்தன. அது திணறத் தொடங்கியதால்தான் புதியது வாங்கினார்கள். பழையதை ஒரு சிறு பெட்டிக்குள் போட்டு, வயரால் கணினியோடு இணைத்திருந்தான் தம்பி.

"முதல்ல என் வேலையெல்லாம் புதுசுக்கு மாத்திடுடா."

"வெள்ளையடிக்கிறதுக்கு முன்னாடியே பீரோவை உள்ள ஏத்துவியா? விண்டோஸ் போட்டாச்சு. லினக்சும் போட்டுடறேன். அப்புறம் சாமானை ஏத்து."

வரைவதற்கு விண்டோஸ், பாரம் கணக்கிட லினக்ஸ். அவளுக்கு இரண்டும் வேண்டும்.

"அப்ப இந்தப் பெட்டியைக் கழட்டி வைக்கவா?"

"ஐயோ தாயே, அதுல கை வைக்காத. போன தடவை பென் டிரைவை வெடுக்குனு பிடுங்கி என்ன ஆச்சு?"

அவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

லினக்ஸ் எளிதில் இறங்கவில்லை. முதலில் திரை கறுத்தது; பிறகு உறைந்தது. சாப்பாடு ஆறிப்போனது. நாலாவது முயற்சியில்தான் எங்கே நிறுவுவது என்று கேட்டது. ஒரே ஒரு டிஸ்கைக் காட்டியது. லினக்சுக்கென்று தம்பி பாதி இடத்தைக் காலியாக விட்டிருந்தான். திரையிலோ காலியிடமே இல்லை.

"விண்டோஸ் மொத்தத்தையும் வளைச்சுப் போட்டுடுச்சு போல. அழிச்சிட்டு ரெண்டையும் புதுசா போட்டுடலாம்."

"நல்லாப் பாத்தியா?"

"அதே கம்பெனி, அதே அளவு. ஒண்ணுதான் காட்டுது. வேற எதுவா இருக்கும்?"

பழையதும் அதே கம்பெனி, அதே அளவு. கடையில் கேட்டுக் கேட்டு அப்படி வாங்கியவள் அக்காதான். அந்த நேரத்தில் இருவருக்கும் அது தோன்றவில்லை.

தம்பி பொத்தானை அழுத்தினான். திரையில் பச்சைக்கோடு நகர்ந்தது. மேசை ஓரத்தில், பெட்டியின் நீல விளக்கு படபடவென்று மினுக்கியது.

"புதுசு உள்ளதானே இருக்கு?" என்றாள் அக்கா.

"ஆமா."

"அப்ப வெளிய இது ஏன்டா துடிக்குது?"

அவன் திரையையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் கை வயர்மேல் இருந்தது.

"பிடுங்கவா? வாயத் தொறந்து சொல்லேன்டா!"

"பிடுங்கு! பிடுங்குக்கா!"

பிடுங்கினாள். விளக்கு அணைந்தது.

கணினியின் அமைப்பில் ஒரு தேர்வை மாற்றாமல் விட்டதால், உள்ளே இருந்த புதிய டிஸ்க் லினக்சின் கண்ணில் படவே இல்லை, அது காட்டியதும் அழித்ததும் பெட்டியிலிருந்த பழையதைத்தான் என்பதைத் தம்பி அதற்குப் பிறகுதான் கண்டுபிடித்தான். விண்டோசில் நுழைந்து, மீட்பு மென்பொருளைப் பழைய டிஸ்கின்மேல் ஏவினான். மாலை நெடுக அது தேடியது. கோப்புகள் திரும்பி வந்தன, பெயர்கள் வரவில்லை. அக்கா ஒவ்வொன்றாகத் திறந்து, தூணா, கைப்பிடியா என்று பார்த்துப் பெயரிட்டாள். தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"என்ன கம்ப்யூட்டர் டாக்டர் சார், இப்ப பீரோவை ஏத்தலாமா?" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கட்கிழமை காலை வரைபடங்கள் போயின. கிழக்குப் பக்கப் படிக்கட்டின் தாள் மட்டும் மீளாததால் அவற்றில் இல்லை. அதை மறுபடி வரைந்து தர புதன்கிழமைவரை நேரம் கொடுத்தார்கள். லினக்ஸ் இன்னும் போடப்படவில்லை.