அலுமாரிச் சேலை

"ஆர் செத்தது?"

சிவக்கொழுந்து மகள் துஷாந்தியிடம் கேட்டாள். கிணற்றடியில் ஒரு வாளி. வாளிக்குள் சவர்க்கார நுரையில் ஒரு வெள்ளைச் சேலை ஊறிக்கிடந்தது.

"ஒருத்தரும் சாகேல்லை அம்மா. ஒஃபிஸ் சேலை. தோய்க்கக் கொண்டந்தனான்."

"கம்பஸில படிக்கிற பிள்ளை சேலை தோய்க்கவோ அங்க போறனீ?"

"வாற பொம்பிளையளுக்கு இதை உடுத்துவிட்டுத்தான் படம் எடுக்கிறது."

சிவக்கொழுந்து வாளியைக் காலால் தள்ளிவிட்டாள். "உன்ர அப்பா செத்த வீட்டில இப்பிடி ஒண்டைத்தான் என்ர தலையில போட்டவை. ஒரு வருசம் உடுத்தனான். பிறகு கிழிச்சுச் சட்டி பிடிக்கிற துணியாக்கினனான். நீ திரும்ப என்ர கிணத்தடிக்கே கொண்டு வந்திட்டாய்."

துஷாந்திக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் கடிதம் வேண்டுமே! விடுமுறையில் எட்டு வாரம் ஒரு நிறுவனத்தில் பயிற்சி பெற்றதாகக் கடிதம் கொடுத்தால்தான் அந்த வருடம் தேறலாம். கடிதத்தில் ஒப்பமிட வேண்டியவர், அவள் பயிற்சிக்குப் போகும் விதவைகள் உதவி நிதியத்தின் செயலாளர் கோணேஸ்வரன்.

துறைமுகத்தைப் பார்த்த ஒரு மாடியில், குளிரூட்டிய இரண்டு அறைகளில், கோணேஸ்வரன் இரக்கம் நடத்திக்கொண்டிருந்தார். சுவர் முழுக்கப் படங்கள். அவர் அரிசி கொடுக்கிறார், சைக்கிள் கொடுக்கிறார், கோழிக்குஞ்சு கொடுக்கிறார். எல்லாவற்றிலும் அவர் கமராவைப் பார்க்கிறார். வாங்குகிறவர் நிலத்தைப் பார்க்கிறார். நிலத்தைப் பார்க்கத் தெரியாத விதவைகளுக்கு அவரே தாடையைப் பிடித்துக் கீழே திருப்பிவிடுவார்.

பெண்கள் கந்தோருக்கு வருவதென்றால் உள்ளதில் நல்ல சேலையை உடுத்துக்கொண்டுதானே வருவார்கள்? அது அவருக்குப் பெரிய தலையிடி. அதற்காகத்தான் அலுமாரிக்குள் ஒரு வெள்ளைச் சேலை. தலைப்பில் அயர்ன்பெட்டி சுட்ட ஓட்டை வேறு. அந்த ஓட்டையை முன்னுக்கு விடச் சொல்லுவார். வெள்ளிக்கிழமைகளில் அதைத் தோய்ப்பது பயிற்சியின் ஒரு பகுதி என்று துஷாந்திக்குச் சொல்லப்பட்டிருந்தது.

மூன்றாம் வாரம் சல்லி என்ற கடற்கரைக் கிராமத்திலிருந்து புஷ்பவதி வந்தாள். ரோசாப்பூ நிறச் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு. புருசனைக் கடல் கொண்டுபோய் ஆறு வருடம். நெத்தலிக் கருவாடு போட்டு மூன்று பிள்ளைகளை வளர்க்கிறவள்.

"மணலில காயப்போடுறதால கருவாட்டில மண் ஒட்டுது, சேர். கடைக்காரர் பாதி விலைக்குத்தான் எடுக்கினம். கீழ விரிக்க ஒரு பெரிய தார்ப்பாய்ப் படங்கு தந்தியளெண்டால் போதும்."

"தரலாம், தரலாம். ஆனா இந்தக் கோலத்தில படம் அனுப்பினா லண்டனில காசு தாறவை நம்பமாட்டினம். பொட்டை அழிச்சிட்டு இந்தச் சேலையை உடுத்துங்கோ. துஷாந்தி, எடுத்துக் குடும்."

புஷ்பவதி சேலையைப் பார்த்தாள். கை நீட்டவில்லை.

"என்ர பொட்டைப் பற்றி ஊரே கதைச்சுக் களைச்சு விட்டிட்டுது, சேர். நீங்கள் புதுசாத் தொடங்கிறியள். இது எனக்கு ஏலாது."

"அப்ப படங்கும் ஏலாது" என்றார் கோணேஸ்வரன். கோப்பில் 'தகுதியற்றவர்' என்று எழுதச் சொன்னார். துஷாந்தி எழுதினாள். வாயைத் திறக்காமல் எழுதிய அந்தக் கையை அவளுக்கே பிடிக்கவில்லை.

ஆறாம் வாரத்துக்குள் பத்தொன்பது பெண்கள் படங்கள் ஆனார்கள். எல்லாவற்றையும் கந்தோர்க் கைத்தொலைபேசியிலிருந்து, நிதியத்துக்குக் காசு அனுப்புகிற லண்டன் இராசநாயகத்துக்கு அனுப்பியவள் துஷாந்திதான். அந்தப் பெரிய மனிதருக்குக் கண் கூர்மை. பத்தொன்பது படத்திலும் ஒரே சேலை, ஒரே ஓட்டை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். சந்தேகப்பட வேண்டிய இடத்தில் மனிதர் அழுதார்.

"பத்தொன்பது பேருக்கு ஒரு சேலையோ, தம்பி! மாறி மாறி உடுக்கினமோ!" என்று தொலைபேசியில் விம்மினார். கோணேஸ்வரன் முதலில் வியர்த்தார். பிறகு அவரும் சேர்ந்து விம்மினார். மறுநாளே லண்டன் காசில் நகரத்துப் புடவைக்கடையில் நூறு வெள்ளைச் சேலைக்கு ஓடர் போனது.

நூறு சேலைக்கு நூறு விதவைகள் வேண்டும். தகுதியற்றவர்கள் எல்லோரும் ஒரே இரவில் தகுதி பெற்றார்கள்.

"ஒண்டு குறையுது. உம்மட அம்மாவும் அப்பிடித்தானே? அவவையும் எழுதும்" என்றார் கோணேஸ்வரன்.

துஷாந்தி அன்று வீட்டில் அழுதபடிதான் அதைச் சொன்னாள். சிவக்கொழுந்து அழவில்லை. "வாறனெண்டு சொல்லு" என்றாள்.

சேலை கொடுக்கும் விழாவுக்கு மஞ்சள் சேலை உடுத்துப் பொட்டும் வைத்துக்கொண்டு வந்தாள். மேடையில் கோணேஸ்வரனின் கமராவை நேருக்கு நேர் பார்த்துச் சேலையை வாங்கினாள். இறங்கிவந்து, வாசலில் பெரிய பொட்டோடு நின்ற புஷ்பவதியின் கையில் அதை வைத்தாள்.

"உங்களுக்கு வேண்டாமோ, அக்கா?"

"சட்டி பிடிக்கத் துணி வீட்டில கிடக்கு. உமக்குத்தானே விரிக்க ஒண்டுமில்லையெண்டு மகள் சொன்னவ."

பின்னால் வந்த பெண்கள் இதைக் கேட்டுச் சிரித்தார்கள்; சிலர் தங்கள் சேலையையும் அவளிடமே கொடுத்தார்கள். புஷ்பவதி பஸ் ஏறி உட்கார்ந்தபோது அவள் மடியில் பதினான்கு சேலைகள் இருந்தன.

கடைசி நாள். சேலை உடுத்த பெண்களின் படம் லண்டனுக்கு வேண்டுமாம். "சல்லிக்குப் போய் எடுத்துக்கொண்டு வாரும். வந்த கையோட கடிதத்தில ஒப்பம் வைக்கிறன்" என்றார் கோணேஸ்வரன்.

சல்லிக் கரையில் பதினான்கு வெள்ளைச் சேலைகள் ஒன்றோடொன்று தைக்கப்பட்டு மணலில் விரிந்துகிடந்தன. அவற்றின்மேல் நெத்தலி, ஒரு மணலும் ஒட்டாமல், வெயிலில் மினுங்கியது. நடுவில் புஷ்பவதி, பெரிய பொட்டோடு, கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

துஷாந்தி வந்த காரணத்தைச் சொன்னாள். கடிதத்தையும் சொன்னாள்.

புஷ்பவதி புரட்டுவதை நிறுத்திவிட்டு எழும்பினாள். "படிக்கிற பிள்ளை. உமக்காண்டி ஒரு ஓரத்தைப் பிரிச்சு உடுத்துறன். எடுத்துக்கொண்டு போம்."

தையலைப் பிரிக்க அவள் குனிந்தபோது துஷாந்தி கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் அக்கா. இப்பிடியே நில்லுங்கோ. கீழ பாக்காதேங்கோ, என்னைப் பாருங்கோ."

படத்தை அவள் கோணேஸ்வரனுக்குக் காட்டவில்லை. கரையில் நின்றபடியே கந்தோர்க் கைத்தொலைபேசியிலிருந்து நேரே லண்டனுக்கு அனுப்பினாள். வழக்கம்போலக் கீழே குறிப்பும் எழுதினாள்:

'பயனாளி: புஷ்பவதி, சல்லி. கேட்டது படங்கு. கொடுத்தது சேலை. அதைப் படங்காக்கியது அவரே.'