வீடா, கடையா

"ஒருத்தர் ரெண்டு பங்கா பிரிங்க. இன்னொருத்தர் முதல்ல எடுங்க. அப்பதான் யாரும் யாரையும் ஏமாத்த முடியாது" என்றார் வக்கீலம்மா, விவாகரத்துக்கு வந்த இருவரிடமும்.

கணவன் பிரித்தான். ஒரு பங்கு, வீடும் அதன் மேலிருந்த கடனும். மற்றொன்று, இருவரும் சேர்ந்து நடத்திய சலவைக் கடை.

"நல்லா யோசிச்சுக்கோ. பாப்பா உன்கூடத்தானே இருக்கப்போறா, அவளுக்கு வீடு வேணுமில்ல" என்று சிரித்தான்.

மகளைக் காட்டியே கடனைத் தன் தலையில் கட்டப் பார்க்கிறான் என்று அவளுக்கு விளங்கியது. கடை கைவிட்டுப் போனால் தவணை கட்டச் சம்பாத்தியம் ஏது? ஆறு மாதத்தில் வீடும் போய்விடும்.

"கடையை எடுத்துக்கிறேன்."

அவன் முகம் சுண்டிப்போயிற்று. "அப்ப பாப்பா எங்கடி தூங்குவா?"

"மெஷினுக்குப் பின்னாடி இடமிருக்கு."

சொல்லும்போதே அந்த மூலையின் ஈரச் சுவர் நினைவுக்கு வந்தது. மகளுக்கு ஏற்கெனவே இருமல். கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.