கடித்து வைத்த ரொட்டி

வேலை என்னவோ கிடைத்துவிட்டது. போவதா வேண்டாமா என்பதில்தான் நஸோகத்துக்குத் தலை சுற்றியது. கால்நடை மருத்துவம் படித்தவள், கல்யாணமாகி அங்ரேனுக்கு வந்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குத்தான் வைத்தியம் பார்க்கிறாள். இப்போது தாஷ்கந்தில் குதிரைகளைப் பார்க்கக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆனால் தாஷ்கந்த் என்ன தெருக்கோடியிலா இருக்கிறது? போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். அதுவும் வாடகைக் காரில் நாலு பேர் சேர்ந்தால்தான் ஓட்டுநர் சாவியையே திருப்புவான்.

மாமியார் ஷரோபத் வேறு தெருப் பெண்களிடம் முழங்கிவிட்டு வந்திருந்தாள். “எங்க வீட்டு மருமக கார்லயே குடித்தனம் நடத்தணும்னு என்ன தலையெழுத்து?” அவள் ஒன்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். அதை அவளாலேயே திரும்ப வாங்க முடியாது. கணவன் எல்யோரோ, “அம்மா என்ன சொல்றாங்களோ அதான்” என்று நழுவிவிட்டான். மாமியாரைக் கேட்டால் “உன் இஷ்டம்” என்றாள். அந்த வீட்டில் அதற்கு ‘வேண்டாம்’ என்று அர்த்தம்.

இருந்தாலும் ஒருநாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாமென்று நஸோகத் கிளம்பினாள். வாசலில் மாமியார் கருஞ்சீரகம் தூவிய ரொட்டியை நீட்டி, “கடி” என்றாள். பயணம் போகிறவர் ஒரு வாய் கடித்துவிட்டுப் போக வேண்டும். மிச்சம் ஆணியில் தொங்கிக் காத்திருக்கும். திரும்பி வந்து அதைத் தின்றால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு. மாமியார் அதைத் துணிப்பையில் போட்டு மாட்டினாள்.

சாயங்காலம் தாஷ்கந்திலிருந்து திரும்பும் கார் கிளம்பவே இல்லை. மூன்று பேர் உட்கார்ந்தாயிற்று, நாலாவது ஆளைக் காணோம். ஓட்டுநர் சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பியபடி, “இதோ வந்துருவாங்கக்கா” என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தான். நஸோகத் ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் வீங்கியிருந்தன. வாசல் ஆணியில் பை கனமாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

முற்றத்துக் குழாயில் அவள் கை கால் கழுவினாள். மாமியார் வந்து பக்கத்தில் நின்றாள்.

“குதிரையப் பாத்தியா?”

“பாத்தேன் அத்தை! ஒரு குட்டி, காலு முறிஞ்சிருக்கு. யாரையும் கிட்ட விடலயாம். என் கையில வந்து மூக்க வச்சுக்கிச்சு. அப்படியே நின்னுச்சு அத்தை!” சொல்லும்போதே முகமெல்லாம் மலர்ந்தது. அடுத்த நொடி வாடியும் போயிற்று. “ஆனா இந்த அலைச்சல் நம்மால ஆகாது. காலையில போன் பண்ணி வேணாம்னு சொல்லிடறேன்.”

எல்யோர் துண்டு எடுத்துவர உள்ளே போனான். அவன் பின்னாலேயே மாமியாரும் போனாள்.

சாப்பிட உட்கார்ந்ததும், மாமியார் வெறும் பையை உதறிக்கொண்டு வந்தாள். “டேய் எல்யோர்! அவ ரொட்டிய நீயாடா தின்ன?”

“நானா? நான் எதுக்கும்மா திங்கறேன்?”

“துண்டு எடுக்கப் போறேன்னு போனியே, அப்ப தின்னுருப்ப! சின்ன வயசுலேர்ந்தே நீ இப்படித்தான். இப்ப இவ பயணம் முடியாம நிக்குது பாரு.” நஸோகத் பக்கம் திரும்பினாள். “நாளைக்கு மறுபடி ரொட்டி கடிச்சுட்டுப் போ. போயிட்டு ஒழுங்கா வந்து சேரு.”

“வேலையே வேணாம்னு சொல்லப் போறேனே அத்தை.”

“போன்ல சொல்லுவியா? மரியாதையா நேர்ல போய்ச் சொல்லு. அந்தக் குட்டி முகத்தப் பாத்துச் சொல்லு.”

“தெருவுல என்ன சொல்லுவாங்க?”

“என் பையன் பண்ணின கூத்துன்னு நான் சொல்லிக்கிறேன்” என்று மாமியார் சிரித்தாள். அவளுடைய இரண்டு தங்கப் பற்களுக்கு நடுவே ஒரு கருஞ்சீரகம் அப்பிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு விரிப்பில் இருந்த ரொட்டிகளில் கருஞ்சீரகமே கிடையாது.

நஸோகத் அந்தக் கருஞ்சீரகத்தையே பார்த்தாள்.

“சத்தியமா நான் தின்னலம்மா!” எல்யோர் இன்னும் கத்திக்கொண்டிருந்தான்.

“இவருதான் தின்னுருப்பாரு அத்தை, தின்னுட்டு மழுப்புறாரு” என்றாள் நஸோகத். பிறகு மாமியாரின் கோப்பையில் தேநீரை ஊற்றி அவள் பக்கம் நகர்த்தினாள். “வாய் கொப்புளிச்சுட்டுக் குடிங்க. அப்புறம், நாளைலேர்ந்து ரொட்டியச் சின்னதாச் சுடுங்க அத்தை. தினமும் கடிச்சுட்டுப் போகணும்ல?”