இடப்பக்க வரிசை

1

ஞாயிறு காலை ஒன்பதே முக்காலுக்கு அக்கா ஆர்கன் வாசிப்பதை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. இந்தக் கதை அங்கிருந்து வந்தது. நான் அன்று ஆலயத்தில் இல்லை. அக்கா சொன்னாள். சொல்லும் ஒவ்வொரு முறையும் சற்று வேறாகச் சொன்னாள்.

2

முதல் தொடக்கம்: "வெள்ளை அங்கியில் பெண் ஆயர் ஒரு தேவதையைப் போல..."

அடித்துவிட்டேன். அங்கி ஆணுக்குத் தைத்தது. தோள் முழங்கை வரை இறங்கும். தேவதைகளுக்கு அளவெடுத்துத் தைப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது: "இரண்டாயிரம் ஆண்டுகளாகத் திருச்சபை பெண்களை..."

வேண்டாம். கட்டுரைக்குள் போய்விட்டால் ஆயர் வெளியே வரமாட்டார்.

மூன்றாவது, உள்ளபடி: ஆராதனை முடிவில், திருவிருந்தில் ஆயர் கையால் அப்பம் வாங்க இரண்டு வரிசைகள். வலப்பக்கம் பெரிய ஆயர். இடப்பக்கம், புதிதாக வந்த பெண் ஆயர். வலப்பக்க வரிசை வாசல்வரை நீளும். இடப்பக்கம் வெறும் தரை.

3

சபையார் கெட்டவர்கள் இல்லை. இதை எழுதுவதில் எனக்கு இருந்த பெரிய தொல்லை அது. ஆஸ்பத்திரியில் படுத்தால் பெண் ஆயரைத்தான் கூப்பிடுகிறார்கள். அவர் பிரசங்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். துடைத்த கையோடு வலப்பக்கம் போய் நிற்கிறார்கள்.*

[* புதிதாக வரும் ஆயரின் மனைவியே பெண்கள் சங்கத் தலைவி என்பது சபை விதி. இந்த ஆயருக்கு இருப்பது கணவர், பல் டாக்டர். விதியை மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. ஆகவே பல் டாக்டர்தான் இப்போது தலைவி. கூட்டத்துக்கு வருகை கூடியிருக்கிறது. கடைசியில் எல்லோரும் வாயைத் திறந்து காட்டுகிறார்கள்.]

அத்தான், அதாவது அக்காவின் கணவர், சபைச் செயலர். தனக்கு ஆட்சேபணை எதுவும் கிடையாது, சபைக்குத்தான் பழக்கமில்லை என்பார். சபையில் ஒவ்வொருவரும் அதையேதான் சொல்கிறார்கள்.

அந்த ஞாயிறு மாலை சபைக் குழு கூடுகிறது. பெண் ஆயரைச் சபை ஏற்றுக்கொண்டதா என்று முடிவு செய்வார்கள். இல்லையென்றால் அவருக்குத் தலைமை அலுவலகத்தில் ஒரு மேசை கிடைக்கும். பீடம் கிடைக்காது. அத்தான் சொல்லப்போவது எளிது: அவர் கையால் இதுவரை ஒருவர்கூட அப்பம் வாங்கவில்லை.

காலையில் சட்டைக்குப் பொத்தான் போட்டபடி அக்காவிடம் சொல்லியிருக்கிறார்: "வழக்கமா போற பக்கமே போ. நமக்கு எதுக்கு வம்பு."

4

அக்கா ஆலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். பீடத்துக்கு முதுகு காட்டி உட்கார வேண்டும். அதனால் எதிரே ஒரு சின்னக் கண்ணாடி. எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை வாசிப்பாள். பிறகு கடைசி ஆளாக எழுந்துபோய் வாங்குவாள். ஆலயமே பார்த்துக்கொண்டிருக்கும்.

கண்ணாடி வழியாக அவளுக்கு மட்டும் தெரிந்த ஒன்று உண்டு. சபைக்குக் கொடுக்குமுன் ஆயர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்வார்கள். பெரிய ஆயர் வாராவாரம் பெண் ஆயர் கையால்தான் வாங்கிச் சாப்பிடுகிறார். அந்த நேரம் சபை கண்ணை மூடி ஜெபத்தில் இருக்கும்.

இதை அத்தானிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். ஜெபம் பண்ணும்போது கண்ணைத் திறந்து வைத்திருந்தாயா என்று கேட்டாராம்.

(இங்கேயே முடித்திருக்கலாம். நல்ல கதாசிரியன் முடித்திருப்பான்.)

5

நிறைந்த தட்டோடு பெண் ஆயர் தனியே நிற்கும் காட்சியில் ஒரு துளிக் கண்ணீர் வைத்திருந்தேன். அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவங்க எதுக்குடா அழணும்? கால் வலின்னு செருப்பைக் கழட்டி மேசைக்கடியில விட்டுட்டு நின்னாங்க. அங்கி நீளம், யாருக்கும் தெரியல."

கண்ணீரை எடுத்துவிட்டேன். செருப்பு இருக்கிறது.

6

அந்த ஞாயிறு வலப்பக்க வரிசை முடிந்தது. அக்கா நிறுத்தவில்லை. பாட்டின் கடைசி அடி வந்ததும் மறுபடி முதல் அடிக்குப் போனாள். பெரிய ஆயர் இருமினார். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் மறுபடி முதல் அடிக்குப் போனாள். வாசிக்கும்வரை எந்தப் பக்கமும் போக வேண்டியதில்லை.

(எனக்கு இது புரிகிறது. ஆறாம் பகுதிவரை நானும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன்.)

எழுதிப் பார்த்த முடிவுகள்:

அ. அக்கா எழுந்து இடப்பக்கம் போகிறாள். அவள் பின்னால் ஒருவர், அவர் பின்னால் இன்னொ... [எல்லோரும் ஏற்கெனவே வாங்கிவிட்டார்கள். இரண்டாம் முறை வந்து உட்கார இது பந்தி இல்லை.]

ஆ. வலப்பக்கம் போகிறாள். மதியம் வீட்டில் அமைதி. [நம்பும்படி இருக்கிறது. அதுதான் பிடிக்கவில்லை.]

இ. மின்சாரம் போய் ஆர்கன் நின்றுவிடுகிறது. [கடவுளை இதில் இழுக்க வேண்டாம்.]

மூன்றையும் கேட்டுவிட்டு அக்கா சொன்னாள்: "என்னைத் தைரியசாலி ஆக்காத. கோழையாவும் ஆக்காத. நான் வாசிச்சுட்டு இருந்தேன், அவ்வளவுதான்."

7

பெண் ஆயர் தட்டை ஏந்திப் பீடத்துப் படியிறங்கினார். ஆர்கனை நோக்கி நடந்தார். பெரிய ஆயர் தடுக்கவில்லை. தன் தட்டைத் துணியால் மூடத் தொடங்கினார். அத்தான் எழுந்து நின்றுவிட்டார். அக்காவின் இரண்டு கைகளும் ஆர்கன் கட்டைகள்மேல் இருந்தன. அப்பம் வாங்கக் கை வேண்டும். கையை எடுத்தால் பாட்டு நிற்கும்.

அடுத்து நடந்ததையும் அக்கா சொல்லியிருக்கிறாள், ஒவ்வொரு முறையும் வேறாக. ஒன்றையும் எழுதப்போவதில்லை. உங்களுக்கும் ஒரு சபை இருக்கும், மாலையில் ஒரு கூட்டம் இருக்கும், பொத்தான் போட்டபடி பேசும் ஒருவர் இருப்பார். நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். பெண் ஆயர் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னது மட்டும் எந்த முறையும் மாறவில்லை:

"கையை நீட்டுறீங்களா, இல்ல இன்னொரு தடவை முதல்லேருந்து வாசிக்கிறீங்களா?"